கூடு பாய்தல்

பூரா அடிக்கும் நாளில் கிரேன்களைப் பூட்டிவிடுவார்கள்.
மலையிலிருந்து இறங்கி
கடலையே பின்னுக்குத் தள்ளும் காற்று அது.
ரியேகா துறைமுகத்தில் எனக்கு அன்று ஓய்வு,
சம்பளம் பாதி.

சந்தையில் திருகாணி போட்டுவைக்க
ஒரு பிஸ்கட் டின் வாங்கியிருந்தேன்.
திறந்தால், ஆளுக்கொரு காலுறைக்குள்
சுருண்டு கிடந்தன மூன்று லென்ஸ்கள்:
இருபத்தெட்டு, ஐம்பது, நூற்று முப்பத்தைந்து.
எந்தக் காலுறைக்கும் ஜோடி இல்லை.
ஐம்பதின் கண்ணாடி தேநீர் நிறத்தில் இருந்தது.
"காமாலை. வெயிலில் வை" என்றான் தரியோ.
வைத்தேன். தெளிந்தது, முக்கால்வாசி.

இன்று அவன் கடைக்கு உடம்பு தேடி வந்திருக்கிறேன்.
உயிர் மூன்றும் பையில் இருக்கின்றன.
கூடுதான் வேண்டும்.

முதலாவது, உள்ளே ஆடி ஏறி இறங்கும் பழைய வகை.
அதன் வாய்க்கும் சென்சாருக்கும் நடுவே தூரம் அதிகம்.
என் லென்ஸை மாட்டினால்
எதிர்வீட்டுச் சன்னல் வரை தெளிவு,
அதற்கப்பால் கடல் வெறும் கஞ்சி.
எனக்கு எல்லையின்மை வேண்டும், தரியோ.
"எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், நெவெங்கா."

அடுத்தது சின்னது, கனமில்லை.
ஆனால் சென்சாரும் சின்னது,
இருபத்தெட்டு அதில் நாற்பத்திரண்டு ஆகிவிடும்.
பத்தொன்பது வருடம் கூண்டில் உட்கார்ந்து
மூலைகளைப் பார்த்துப் பிழைத்தவள் நான்.
கீழ் மூலையில்தான் ஆள் நிற்பான்,
நிற்கக் கூடாத நேரத்தில்.
மூலையை வெட்டும் எதையும் வாங்கமாட்டேன்.

மூன்றாவது புத்தம் புதிது.
கை நடுக்கத்தை உள்ளிருந்தே தாங்கிக்கொள்ளும்.
எனக்கு நடுங்கும். கிரேன் தந்த சீதனம்.
மாட்டியதும் கேட்டது:
லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர்?
நூற்று முப்பத்தைந்தை இருபத்தெட்டு என்று
பொய் சொல்லிப் பார்த்தேன்.
நடுக்கம் அப்படியே நின்றது.
உண்மையைச் சொன்னேன்.
கொடி துடித்தது, கம்பம் அசையவில்லை.

விளிம்புகளில் சிவப்புப் பூசி
இங்கே தெளிவு, இங்கே தெளிவு என்றது.
அணைக்கச் சொன்னேன்.
கொள்கலனின் காதில் கொக்கி இறங்கும்போது
யார் வந்து சிவப்புப் பூசுகிறார்கள்?
பெரிதாக்கிக் காட்டினால் போதும்.

விலை மூன்று மாத வாடகை.
சரி என்று சொல்லும் முன்
இடது கண்ணை வைத்தேன். எனக்கு இடதுதான் கண்.
மூக்கு திரையில் பட்டது.
பெரிதாக்கிய கட்டம் கொடியை விட்டு நழுவி
மீன்காரியின் தராசுக்குப் போனது.
மீட்டு வந்தேன். மறுபடி மூக்கு. மறுபடி தராசு.
"அதை அணைத்துவிடலாம்" என்று
பட்டியலுக்குள் பட்டியலாகத் தேடினான் தரியோ.
ஆவி பறந்த காப்பி ஆறும் வரை தேடினான்.

பிறகு மேசைக்கு அடியிலிருந்து எடுத்தான்
விற்பதா வேண்டாமா என்று வைத்திருந்த ஒன்றை.
ரப்பர் உரிந்து பசை ஒட்டியது.
முழு அளவு சென்சார். நடுக்கம் தாங்கும்.
திரையைத் தொட்டால் சொரணையே கிடையாது.
"ஒரு புள்ளி எரிந்துபோயிருக்கிறது, மூலையில்."
எந்த மூலை?
"மேலே, வலது."
அங்கே வானம்தானே இருக்கும்.
முந்நூற்று இருபது யூரோ.

வெளியே, கம்பத்தில் முதுகைக் கொடுத்து
நூற்று முப்பத்தைந்தை மாட்டினேன்.
துளை வளையம், இரண்டு சொடுக்கு.
எட்டாம் எண் கிரேன், என்னுடையது, பூட்டிக் கிடந்தது.
நேற்று கூண்டில் மறந்து வைத்த
பச்சை ஃபிளாஸ்க் தெரியும் வரை திருகினேன்.
கொஞ்சம் தாண்டிவிட்டு, திரும்பி வந்தேன்.
கொக்கியையும் அப்படித்தான் நிறுத்துவேன்.

வீட்டில் படத்தின் விவரம் பார்த்தேன்.
லென்ஸ்: ஒரு கோடு. துளை: பூச்சியம்.
நான் சொன்ன எண் மட்டும் சொன்னபடி இருந்தது.

"கிரேன் உச்சியில் சிவப்பு விளக்கு உண்டா?
பகலில்கூட எரியுமா?" என்று கேட்டாள்
பக்கத்து வீட்டு மிர்னா.
எரியும் என்றேன்.